நத்தை தின்னக் கல் தேயுமா?



'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள். விடாமல் முயன்றால் முடியாதது இல்லை என்பதற்காகப் பெரியவர்கள் சொல்வது அது. இன்று அந்தப் பழமொழியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போமா? எறும்பு ஊரக் கல் தேயட்டும். நத்தை தின்னக் கல் தேயுமா?

நத்தை கல்லையா தின்னும் என்று சிரிக்காதீர்கள். கல்லின் மேல் படிந்திருக்கும் பாசியைத்தான் தின்னும். ஆனால் பாசியைச் சுரண்டும்போது கல்லிலும் கீறல் விழுமா? விழுந்தால் அது எத்தனை நாள் இருக்கும்? ஒரே மழையில் காணாமல் போகும் கீறல்களும் உண்டு. 55 கோடி ஆண்டுகளாக அழியாமல் இருக்கும் கீறல்களும் உண்டு! ஏன் இந்த வேறுபாடு? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

ஆறு முடியும் இடம்

புதுச்சேரி நகரின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது தேங்காய்த்திட்டு. செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிற சங்கராபரணி ஆற்றுக்குச் செஞ்சியாறு, வராக நதி என்றும் பெயர்கள் உண்டு. இந்த ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளையின் பெயர் சுண்ணாம்பாறு. வடக்குக் கிளையின் பெயர் அரியாங்குப்பம் ஆறு. அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தின் கரையில்தான் தேங்காய்த்திட்டு அமைந்துள்ளது.

மீன்பிடித் துறைமுகமும் படகுகளும் ஒரு பக்கம். அலையாத்தி மரங்களும் கறுப்புச் சேறும் மறு பக்கம். கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும். இறக்கத்தின்போது வடியும். தண்ணீர் வடிந்த நேரத்தில் கரையோரக் கற்களையும் பாலத் தூண்களையும் பார்த்தால், தண்ணீர் ஏறி இறங்கும் உயரம் வரை பச்சையும் பழுப்புமாக ஒரு மெல்லிய பூச்சு தெரியும். வழுக்கும். அதுதான் பாசிப்படலம். கண்ணுக்குத் தெரியாத சிறு பாசிகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து நெய்த விரிப்பு அது. நத்தைகளுக்கு அதுதான் சாப்பாடு.

இந்த ஆறு சுவடுகளுக்குப் பேர்போன ஆறு. தேங்காய்த்திட்டுக்குச் சற்று மேலே, இதே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, ரோமானிய நாட்டோடு வணிகம் நடந்ததைக் காட்டும் பானை ஓடுகள் கிடைத்தன. இன்னும் மேலே போனால், சங்கராபரணியின் கரையில் திருவக்கரை. அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-ம் ஆண்டிலேயே அவற்றைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

மனிதன் விட்டுப்போனது பானை ஓடு. மரம் விட்டுப்போனது கல்மரம். நத்தை எதை விட்டுப்போகும்? "ஓட்டை" என்பீர்கள். சரிதான். ஆனால் ஓடு மட்டுமல்ல. தன் வாயின் அடையாளத்தையும் அது விட்டுப்போகும்.

கல்லில் ஒரு கோலம்

பாசி பிடித்த கல்லை உற்றுப் பாருங்கள். சில இடங்களில் பாசி ஒரே சீராக இருக்காது. அம்மா தையல் இயந்திரத்தில் துணியின் ஓரத்தை நெளிநெளியாகத் தைப்பார்களே, அதுபோல ஒரு கோடு வலமும் இடமுமாக வளைந்து வளைந்து போகும். கோட்டின் மேல் பாசி இருக்காது. கல்லின் நிறம் தெரியும். அதுதான் நத்தை சாப்பிட்டுப் போன வழி.

கல்லில் தெரியவில்லையா? வீட்டில் மீன் தொட்டி இருந்தால் அதன் கண்ணாடியைப் பாருங்கள். உள்பக்கம் பாசி பிடித்திருந்து, தொட்டியில் நத்தையும் இருந்தால், இந்த நெளிகோலம் அங்கே தெளிவாகத் தெரியும்.

ஏன் நெளிந்து போகிறது? நத்தை ஊர்வது நேராகத்தான். ஆனால் ஊர்ந்துகொண்டே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் பல வாய் தின்கிறது. வயலில் கதிர் அறுப்பவர் ஓர் இடத்தில் நின்று, கைக்கு எட்டும் அகலம் முழுவதையும் அறுத்துவிட்டு, ஓர் அடி முன்னே நகர்வதில்லையா? அதே கணக்குத்தான். குறைந்த நடை, நிறைந்த சாப்பாடு!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேற்றின் மேல் நத்தை ஊர்ந்துபோனால் வாய்க்கால் போல ஒரு தடம் விழும். அது ஊர்ந்த தடம். காலால் உண்டானது. நாம் பேசுவது தின்ற தடம். வாயால் உண்டானது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வாய்க்குள் ஒரு துருவி

நத்தையின் வாய்க்குள் என்ன இருக்கிறது? நமக்கு இருப்பதுபோல் மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்கள் கிடையாது. நாடா போல நீளமான ஒரு தகடு இருக்கிறது. அதன் மேல் குறுக்கு வரிசைகளாகச் சின்னஞ்சிறு பற்கள். சில நத்தைகளுக்கு இந்தப் பற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. விலங்கியலில் இதற்கு ராடுலா என்று பெயர். தச்சர் வைத்திருக்கும் அரம் போலச் சொரசொரப்பாக இருப்பதால் தமிழில் 'அரநாக்கு' எனலாம்.

வேலை செய்யும் விதம் மிக எளிது. நத்தை வாயைத் திறந்து அரநாக்கைக் கல்லின் மேல் வைக்கும். வளைந்த முனையில் பற்கள் நிமிர்ந்து நிற்கும். அப்படியே ஓர் இழுப்பு. பாசி சுரண்டப்பட்டு உள்ளே போகும். பிறகு அடுத்த இழுப்பு.

உங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவியை நினைத்துக்கொள்ளுங்கள். துருவியின் பல் தேங்காயைச் சுரண்டுகிறது. வெள்ளைப் பருப்பு துருவலாக விழுகிறது. துருவி முடித்த கொட்டாங்குச்சிக்குள் பாருங்கள். பல் பட்ட இடங்களில் வரிவரியாகக் கோடுகள் தெரியும். லேசாகத் துருவினால் பருப்பு மட்டும் வரும். அழுத்தித் துருவினால் ஓட்டிலும் கீறல் விழும். பாசி என்பது தேங்காய்ப் பருப்பு. கல் என்பது கொட்டாங்குச்சி. இந்த உவமையை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

துருவிப் பல் தேய்ந்தால் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூர்தீட்டுகிறோம். நத்தை என்ன செய்யும்? அரநாக்கின் முன்பக்கப் பற்கள் தேய்ந்து விழ விழ, பின்பக்கத்தில் புதிய வரிசைகள் முளைத்து முன்னே நகர்ந்து வரும். வாழ்நாள் முழுவதும் இது நடக்கும்.

பல்லைப் பார்த்து ஆளைச் சொல்லலாம்

எல்லா நத்தைகளின் அரநாக்கும் ஒன்றுபோல் இருக்காது. நம் ஊர்க் குளங்களில் உள்ள பெரிய உருண்டை நத்தைக்கு ஒரு வரிசையில் ஏழு பற்கள். கடலோரக் கற்களில் ஒட்டியிருக்கும் நெரிட்டா என்ற கறுப்பு நத்தைக்கு, விளக்குமாறு போல ஏராளமான நுண்பற்கள். தொப்பியைக் கவிழ்த்தது போன்ற ஓடுள்ள லிம்பெட் என்ற கடல் நத்தைக்கு, எண்ணிக்கை குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் உறுதியான பல்.

ஆகவே தடமும் மாறும். விளக்குமாற்றுப் பல் பெருக்கியது போன்ற மெல்லிய கோடுகளைப் போடும். உறுதியான பல் ஆழமான சில கோடுகளை மட்டும் போடும். அதே பாறையில் மேயும் கடல் முள்ளெலிக்கு ஐந்து பற்கள். அது நட்சத்திரம் போன்ற கீறலைப் போடும். கைரேகையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது போல, பல்ரேகையைப் பார்த்து எந்த வகைப் பிராணி மேய்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எந்தப் பல்? எந்தக் கல்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கல் தேயுமா?

ஒரு பொருள் இன்னொரு பொருளைக் கீறுமா என்பதை அவற்றின் கடினம் தீர்மானிக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ரிக் மோஸ் என்பவர் 1812-ம் ஆண்டு கனிமங்களின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். எண் கூடினால் கடினம் கூடும். வைரத்துக்கு 10. கூடின எண் உள்ளது குறைந்த எண் உள்ளதைக் கீறும். நம் விரல் நகம் ஏறக்குறைய இரண்டரை. சுண்ணாம்புக்கல்லிலும் சிப்பியிலும் உள்ள கால்சைட் கனிமத்துக்கு 3. கருங்கல்லில் மின்னும் குவார்ட்சுக்கு 7.

சாதாரணக் குளத்து நத்தையின் பற்கள் கைட்டின் என்ற பொருளால் ஆனவை. பூச்சிகளின் மேலோட்டில் இருப்பதும் இதே கைட்டின்தான். பாசியைச் சுரண்ட அது போதும். கருங்கல்லைக் கீற அதனால் முடியாது.

லிம்பெட்டின் கதை வேறு. அதன் பற்களில் கோதைட் என்ற இரும்புக் கனிமம் கலந்திருக்கிறது. அதன் கடினம் 5-க்கும் மேல். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ம் ஆண்டு இந்தப் பல்லை இழுத்துச் சோதித்தார்கள். அதுவரை சோதித்த உயிர்ப்பொருள்களிலேயே மிகவும் வலிமையானது இதுதான், சிலந்தி நூலைவிட வலிமையானது என்று அறிவித்தார்கள். கைட்டான் என்ற இன்னொரு கடற்பிராணியின் பற்களில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமமே இருக்கிறது. ஹெயின்ஸ் லோவன்ஸ்டாம் என்ற விஞ்ஞானி இதை 1962-ம் ஆண்டு வெளியிட்டார். பல்லைக் காந்தம் இழுக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

தெற்கு இங்கிலாந்தில் வெள்ளைவெளேர் என்ற சீமைச் சுண்ணாம்புப் பாறைக் கரைகள் உண்டு. அங்கே லிம்பெட்டுகள் மேயும்போது பாசியோடு பாறையும் சேர்ந்து சுரண்டப்படுகிறது. அவற்றின் எச்சத்தில் சுண்ணாம்புத் தூள் இருக்கும். நத்தை தின்னக் கல் தேய்ந்தே விடுகிறது!

ஆக, பதில் இதுதான்: மென்மையான கல்லும் உறுதியான பல்லும் சேர்ந்தால் தேயும். கருங்கல்லும் குளத்து நத்தையும் சேர்ந்தால் பாசி மட்டும்தான் போகும். கொட்டாங்குச்சியில் கீறல் விழாது.

கீறல் கல்லாக மூன்று நிபந்தனைகள்

கீறல் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது புதைபடிவம் ஆகுமா?

உடலின் பகுதி கல்லாவது ஒரு வகைப் புதைபடிவம். எலும்பு, ஓடு, மரம் எல்லாம் அந்த வகை. காலடி, வளை, கடித்த குறி போன்ற செயலின் அடையாளம் கல்லில் நிலைப்பது இன்னொரு வகை. அதற்குச் சுவடுப் புதைபடிவம் என்று பெயர். முதல் வகை அந்த உயிர் எப்படி இருந்தது என்று சொல்லும். இரண்டாம் வகை அது என்ன செய்தது என்று சொல்லும்.

சுவடு நிலைக்க மூன்று நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, சுவடு விழுந்த பரப்பு உறுதியாக இருக்க வேண்டும். தண்ணீரில் எழுதிய எழுத்து நிற்காது.

இரண்டு, சீக்கிரம் மூடப்பட வேண்டும். மணலோ வண்டலோ வந்து மேலே படிய வேண்டும். திறந்து கிடந்தால் அலையும் வெயிலும் அழித்துவிடும்.

மூன்று, மூடிய பிறகு யாரும் கிளறக் கூடாது, கரைக்கவும் கூடாது.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குத் திரும்புவோம். அங்கே நத்தை 'எழுதுவதற்கு' மூன்று பலகைகள் இருக்கின்றன.

முதல் பலகை கருங்கல். பாசியை மட்டும்தான் நத்தை அகற்றுகிறது. சில நாட்களில் பாசி மீண்டும் வளர்ந்து கோலத்தை மூடிவிடும். ஆகவே, தேறாது. மலைப்பக்கத்து ஆற்றுப் பாறைகளும் இப்படித்தான். அங்கே வெள்ளம் வந்தால் கற்கள் ஒன்றோடொன்று உருண்டு தேயும். மேட்டில் ஓடும் ஆறு பெரும்பாலும் அரித்துக்கொண்டுதான் போகும், மூடி வைக்காது.

இரண்டாம் பலகை சேறு. மூடுவதற்கு வண்டல் தாராளமாக வருகிறது. ஆனால் நண்டும் புழுவும் இரவு பகலாக வளை தோண்டுகின்றன. பாய் விரித்த உடனே பிள்ளைகள் அதன் மேல் குதித்தால் பாய் எப்படி இருக்கும்? அப்படித்தான் சேறும் கலங்கிப்போகும். இதுவும் பெரும்பாலும் தேறாது.

மூன்றாம் பலகை சிப்பி. கழிமுகத்துக் கற்களிலும் தூண்களிலும் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும். சிப்பியின் மேலும் பாசி படரும். அதையும் நத்தைகள் மேயும். சிப்பி கால்சைட்டால் ஆனது, கடினம் 3. உறுதியான பல் பட்டால் கீறல் விழும். அந்தச் சிப்பி உதிர்ந்து, வண்டலில் சீக்கிரம் புதைந்து, கரையாமல் இருந்தால், கீறலும் அதோடு தங்கும்.

பார்த்தீர்களா? அவ்வளவு பெரிய கருங்கல்லுக்குக் கிடைக்காத வாய்ப்பு, கையளவு சிப்பிக்குக் கிடைக்கிறது!

உண்மையிலேயே நடந்ததும் இதுதான். ஜெர்மனியைச் சேர்ந்த எர்ஹார்டு வாய்க்ட் என்ற தொல்லுயிர் ஆய்வாளர், பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடற்பிராணிகளின் ஓடுகளின் மேல் அரநாக்குக் கீறல்களைக் கண்டார். 1977-ம் ஆண்டு அவற்றுக்கு ராடுலிக்னஸ் இனோப்பினாட்டஸ் என்று பெயரிட்டார். இனோப்பினாட்டஸ் என்றால் லத்தீன் மொழியில் 'எதிர்பாராதது' என்று பொருள். இவ்வளவு மெல்லிய கீறல் நிலைத்திருக்கும் என்று யார்தான் எதிர்பார்த்தார்கள்!

55 கோடி ஆண்டுக் கீறல்

இதைவிடப் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் எடியக்காரா மலைப்பகுதியில் நீள்வட்டமான சில அச்சுகள் பாறையில் கிடைத்தன. எலும்பு இல்லை, ஓடும் இல்லை. முதலில் அதைச் சொறிமீன் (ஜெல்லி மீன்) வகை என்று நினைத்தார்கள். கிம்பரெல்லா என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு ரஷ்யாவின் வெண்கடல் கரையில் இன்னும் தெளிவான அச்சுகள் நிறையக் கிடைத்தன. அவற்றின் வயது 55 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மிகயீல் ஃபெடோன்கின், பென் வாகனர் என்ற இருவர் அவற்றை ஆராய்ந்து, இது சொறிமீன் அல்ல, நத்தை இனத்தோடு உறவுள்ள பிராணி என்று 1997-ம் ஆண்டு எழுதினார்கள்.

அதற்குத் துணையாக நின்ற சாட்சிகளில் ஒன்று என்ன தெரியுமா? கீறல்கள்! ரஷ்யாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிம்பரெல்லா கிடைக்கும் பாறைகளில் விசிறி விசிறியாகக் கீறல்கள் இருக்கின்றன. இரண்டிரண்டு கோடுகளாக, தோட்டத்தில் குப்பையை வாரியால் இழுத்தது போல. அந்தப் பிராணி ஓர் இடத்தில் இருந்தபடி வாயை நீட்டி நீட்டிக் கடல்தரையை வாரித் தின்றிருக்கிறது. அது நத்தை இனத்தின் மூதாதையா, ஒன்றுவிட்ட உறவா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் அது மேய்ந்து திரிந்த விலங்கு என்பதை அந்தக் கீறல்கள் சொல்லிவிட்டன. உடல் சொல்லாததை வாய் சொன்னது!

அந்தக் கீறல்கள் எப்படி நிலைத்தன? அந்தக் காலக் கடல்தரையின் மேல் பாக்டீரியாப் படலம் தோல் போலக் கெட்டியாகப் பரவி இருந்தது. அதில் கீறல் விழுந்தது. மேலே மணல் வந்து மூடியது. கிளறுவதற்கு இன்றைக்கு இருப்பது போல ஏராளமான புழுக்களும் நண்டுகளும் அன்று இல்லை. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறின.

இன்று அப்படிப்பட்ட கெட்டிப் படலங்கள் கடலில் அரிது. ஏன்? நத்தை போன்ற மேயும் பிராணிகள் பெருகி அவற்றைத் தின்றுகொண்டே இருக்கின்றன. எழுதுகிற பலகையையே தின்றுவிடுகிற எழுத்தாளரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நத்தை அப்படிப்பட்ட எழுத்தாளர்!

நம் பக்கத்துப் பழைய கடல்

ரஷ்யாவும் ஆஸ்திரேலியாவும் தூரம். நம் பக்கத்தில் ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது.

புதுச்சேரிக்கு மேற்கேயும் வடமேற்கேயும் வழுதாவூர், சேதராப்பட்டு, கரசூர் பகுதிகளில் மண்ணுக்குக் கீழே பழைய கடலின் படிவுகள் உள்ளன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதியில், அங்கே கடல் இருந்தது. கே, கன்லிஃப் என்ற இருவர் இங்கும் விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களிலும் திரட்டிய சிப்பிகளையும் நத்தை ஓடுகளையும் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் லண்டனில் 1846-ம் ஆண்டு விவரித்து எழுதினார். அதே காலத்தில் பிரான்சில் அல்சீட் தோர்பிஞி என்ற அறிஞரும் புதுச்சேரிப் புதைபடிவங்களை ஆராய்ந்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பெர்டினாண்டு ஸ்டோலிச்கா, தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் நத்தை ஓடுகளைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய நூல் எழுதினார். அது 1868-ம் ஆண்டு வெளிவந்தது.

நத்தை ஓடு இருக்கிறது என்றால் நத்தை இருந்தது. நத்தை இருந்தது என்றால் வாயும் இருந்தது, மேய்ச்சலும் நடந்தது. பக்கத்தில் சிப்பிப் பலகைகளும் கிடந்தன. ஆகவே அந்தப் பழைய சிப்பிகளின் மேற்பரப்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அது உங்களைப் போன்ற நாளைய ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கும் நல்ல வேலை.

ஆனால் பலகை பத்திரமாக இருந்தால்தானே படிக்க முடியும்? சேதராப்பட்டில் இன்று தொழிற்பேட்டை இருக்கிறது. படிவுகள் உள்ள இடங்களில் உழவு நடக்கிறது, கிணறு வெட்டுகிறார்கள், மனை போடுகிறார்கள். இவையெல்லாம் மனிதருக்குத் தேவைதான். ஆனால் தோண்டிய மண்ணில் சிப்பி போன்ற கல்லைக் கண்டால், உடைத்துப் பார்த்துவிட்டு எறியாதீர்கள். மேலே ஒட்டிய மண்ணைக் கம்பியால் சுரண்டவும் வேண்டாம். நீங்கள் போடும் கீறல் பழைய கீறலை அழித்துவிடும்! எங்கே கிடந்தது என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். இடம் தெரியாத புதைபடிவம் முகவரி இல்லாத கடிதம் போன்றது.

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள் - 1: நத்தைக் கோலம்

தேவை: வாயகன்ற கண்ணாடி ஜாடி, குளத்துத் தண்ணீர், ஒரு குளத்து நத்தை, வெண்ணெய்த்தாள் (பட்டர் பேப்பர்), பென்சில்.

ஜாடியில் குளத்துத் தண்ணீரை ஊற்றி வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். உள்சுவரில் பச்சைப் படலம் வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு நத்தையை விடுங்கள். மறுநாள் காலை கோலம் தயாராக இருக்கும். ஜாடியின் வெளிப்பக்கம் வெண்ணெய்த்தாளை ஒட்டி, கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். ஒரு விரல் நீளத்துக்கு எத்தனை நெளிவு என்று எண்ணுங்கள். நத்தை சுவரில் ஏறும்போது, வெளியிலிருந்து அதன் வாய் திறந்து மூடுவதையும் பார்க்கலாம். பள்ளி உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது.

முடிந்ததும் நத்தையை எடுத்த குளத்திலேயே விட்டுவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளத்துக்கோ ஆற்றுக்கோ தனியாகப் போகக் கூடாது. பெரியவர்கள் உடன் வர வேண்டும். துறைமுகத்துப் பாசிக் கற்கள் மிகவும் வழுக்கும். அவற்றின் மேல் ஏறவே வேண்டாம்.

செய்து பாருங்கள் - 2: எது நிலைக்கும்?

தேவை: களிமண், பழைய சீப்பு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

களிமண்ணில் உள்ளங்கை அளவு மூன்று தகடுகள் செய்யுங்கள். சீப்பின் முனையை அரநாக்கு என்று வைத்துக்கொண்டு மூன்றிலும் நெளிநெளியாகக் கீறுங்கள். முதல் தகட்டைக் குழாய்க்கு அடியில் வைத்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். இரண்டாவதை விரலால் கிளறுங்கள், நீங்கள்தான் நண்டு! மூன்றாவதைச் சுற்றி அட்டையால் வரப்புக் கட்டி, தண்ணீரில் கரைத்த பிளாஸ்டரை ஊற்றுங்கள். பிளாஸ்டர் சூடாகும், உறையும்வரை தொடாதீர்கள்.

உறைந்த பிறகு பிளாஸ்டரைப் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். களிமண்ணில் பள்ளமாக இருந்த கீறல், பிளாஸ்டரில் மேடாகத் தெரியும். கிம்பரெல்லாவின் கீறல்களும் இப்படித்தான், மேலே மூடிய மணற்பாறையின் அடிப்பக்கத்தில் மேடாகக் கிடைக்கின்றன. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடுகூட நிழல் விழுந்து தெரியும். புதைபடிவ ஆய்வாளர்கள் கையாளும் முறையும் இதுதான்.

மூன்று தகடுகளிலும் ஒரே அளவு கீறினீர்கள். ஒன்று மட்டும்தானே தங்கியது? அதற்காக மற்ற இரண்டிலும் நீங்கள் கீறவே இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். உயிர்களின் வரலாறும் அப்படித்தான். கல்லில் பதிந்தவை கொஞ்சம். பதியாமல் போனவை கோடி கோடி. கல்லில் இல்லை என்பதால் அந்த உயிர் வாழவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் இன்றும் நத்தைகள் மேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை போடும் கோலங்களில் பெரும்பாலானவை அடுத்த வாரம் இருக்காது. கல் காப்பாற்றாத அவற்றை உங்கள் கண்ணும் நோட்டுப் புத்தகமும் காப்பாற்றலாம். தேதி, இடம், படம் மூன்றையும் குறித்து வையுங்கள்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

1. நத்தை நேராக ஊர்ந்தாலும் தின்ற தடம் நெளிவது ஏன்?
2. கைட்டானின் பற்களில் உள்ள காந்தக் கனிமம் எது?
3. கருங்கல், சேறு, சிப்பி - நத்தையின் தின்ற தடம் புதைபடிவமாக அதிக வாய்ப்பு எதில்?

விடைகள்: 1. ஊர்ந்துகொண்டே தலையை இருபுறமும் ஆட்டித் தின்பதால். 2. மேக்னடைட். 3. சிப்பியில்.